மூன்று சரி, ஒன்று பிழை

அன்பு மச்சான் வரதன்,

உன் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டில் ஒரு பக்கம் என்னுடையது. முப்பத்தோராம் நாள் சாப்பிட்டுப் போனவர்களின் கையில் கொடுத்த அந்தச் சின்னப் புத்தகத்தில், உன் படத்துக்கும் தேவாரங்களுக்கும் நடுவே, “இணைபிரியா நண்பன்” என்று எழுதியிருந்தேன். முப்பது வருடத்தில் எங்களுக்குள் ஒரு சுடுசொல் வந்ததில்லை என்றும் எழுதினேன். நீ வாசித்திருந்தால் மூக்கால் சிரித்திருப்பாய். நீ போனபோது நாங்கள் ஒன்பது கிழமையாகக் கதைக்காமல் இருந்தோம்.

இப்போது ஒரு வருடமாகி உன் ஆட்டைத் திவசம் வருகிறது. அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. நானாக முன்வந்து எழுதவில்லை, கேட்டு வாங்கினார்கள். யார் கேட்டார்கள் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் புதினம். நீ எப்போதும் அதைத்தானே முதலில் கேட்பாய்? தேவண்ணைக்கு ஒரு முழங்கால் மாற்றியாயிற்று. மற்றதையும் மாற்றச் சொன்னால், முதலாவது எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார், கார் வாங்குகிறவர் மாதிரி. மூலையில் இருந்த டெப்பனர் கடையை விற்றுவிட்டார்கள். புதிதாக வந்தவர் bonjour சொல்லிவிட்டு மறுபடியும் தன் ஃபோனுக்குள் போய்விடுகிறார், யாருடைய பெயரையும் கேட்பதில்லை. நான் அதே லாசால், அதே மூன்றாம் மாடி, அதே ஒற்றை அறை. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் திருத்தும் அதே வேலை. கலியாணம் பற்றிக் கேட்காதே, ஐம்பத்தெட்டு வயதில் யார் வருவார்கள்?

சனிக்கிழமைகளில் என் ஃபோன் அடிப்பதில்லை. மற்ற நாட்களில் யாராவது மெஷின் தண்ணீர் ஒழுகுகிறது என்றாவது எடுப்பார்கள். சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு இந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

மற்றவர்களும் இதை வாசிப்பார்கள், அதனால் எங்கள் பந்தய ரிக்கற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நாங்கள் மூன்று பேர்: நீ, நான், தேவண்ணை. சனிக்கிழமைதோறும் டெப்பனரில் ஒரே ஒரு ரிக்கற். அதில் நான்கு ஆட்டம். தேவண்ணை கிரிக்கெற்றில் ஒன்று சொல்வார், நான் இங்கிலாந்துக் கால்பந்தில் ஒன்று, நீ அமெரிக்கக் கூடைப்பந்தில் ஒன்று. நான்கும் சரிவந்தால்தான் காசு. மூன்று சரிவந்து ஒன்று பிழைத்தால் ஒரு சதமும் கிடையாது. தனித்தனியாகக் கட்டினால் சொற்பம்தான் கிடைக்கும், சேர்த்துக் கட்டினால் ஒன்றோடு ஒன்று பெருகிப் பத்து மடங்குக்கு மேல் போகும். அந்தப் பெருக்கலில் மயங்கித்தான் எல்லாரும் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

நான்காவது ஆட்டம் உன் சட்டம். எந்தக் கிழமையானாலும், எவ்வளவு மோசமாக விளையாடினாலும், மொன்றியல் ஹொக்கி அணி வெல்லும் என்றுதான் கட்ட வேண்டும். எதிரணி பலமான அணி, இந்த ஒரு கிழமை மாற்றிக் கட்டுவோம் என்று நான் கெஞ்சியிருக்கிறேன்.

“தஞ்சம் தந்த ஊர் மச்சான்,” என்பாய். “ரெண்டு தரம் அகதிக் கேஸ் விழுந்தும் எங்களை வெளியால போட்டவங்களோ? அவங்கட ரீமுக்கு எதிராக் காசு கட்ட எனக்குக் கை வராது.”

குடிவரவுக் கந்தோருக்கும் ஹொக்கி விளையாடுகிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று தேவண்ணை கேட்பார். நீ பென்சிலால் அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருப்பாய். இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்? எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அந்தச் சனிக்கிழமை விடியப்புறமே தேவண்ணையின் கிரிக்கெற் சரிவந்துவிட்டது. பத்து மணிக்கு என் கால்பந்து. பின்னேரம் உன் கூடைப்பந்தும் சரி. எங்கள் ரிக்கற் சாயந்தரம் வரைக்கும் உயிரோடு இருந்தது அபூர்வம், நாங்கள் மூன்று பேரும் தேவண்ணை வீட்டு ஹோலில் கூடிவிட்டோம். மொன்றியல் கடைசி இரண்டு நிமிடம் வரை ஒரு கோலால் முன்னுக்கு நின்றது. பிறகு எதிரணி ஒன்று போட்டது. மேலதிக நேரத்தில் இன்னொன்று. அவ்வளவுதான்.

பெரிய காசு என்று இல்லை. மூன்று பேரும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நல்ல வின்ரர் ஜக்கெற் வாங்கலாம். ஆனால் எனக்குத் தலைக்குள் என்னவோ ஏறிவிட்டது. நீ சோபாவில் இருந்து, “சரி விடு மச்சான், நல்லாத்தான் விளையாடினவங்கள்,” என்றாய். அந்த “நல்லாத்தான்” தான் என்னைக் கிளப்பியது.

“நீ கை வைச்சது எது உருப்பட்டது?” என்று கேட்டேன். “கடை உருப்பட்டதோ? லவாலில வாங்கின வீடு உருப்பட்டதோ? இப்ப எங்கட ரிக்கற்றிலயும் கைய வைச்சிட்டாய்.”

தேவண்ணை தொலைக்காட்சியை நிறுத்தினார். நீ எழும்பினாய். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவடியில் நின்று, “வாறன் தேவண்ணை,” என்று அவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

அடுத்த சனிக்கிழமை நீ ஃபோன் எடுப்பாய் என்று இருந்தேன். நீ எடுக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இருந்தேன். நானே எடுத்திருக்கலாம், வரதன். ஒரு பொத்தானை அழுத்துவதுதானே வேலை? ஆனால் முதலில் எடுக்கிறவன் தோற்றவன் என்று எனக்குள் ஒரு கணக்கு. அந்த ஒன்பது சனிக்கிழமையும் நீ ஆட்டத்தை எங்கே இருந்து பார்த்தாய்? பார்த்தாயா?

பத்தாவது கிழமை தேவண்ணை எடுத்தார். துறைமுக வாசலில் கொள்கலன் ஏற்றுவதற்கு லொறிகள் வரிசையில் நின்றனவாம். முன் லொறி நகர்ந்த பிறகும் உன்னுடையது நகரவில்லையாம். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்களாம். ஒருவர் திட்டுவதற்கென்றே இறங்கி வந்து உன் கதவைத் திறந்தபோது, இருந்தபடியே உன் உயிர் போயிருந்ததாம். அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் அடிக்கடி நினைப்பேன். நானும் அவரும் ஒரே ஆட்கள்தான்.

நீ போனபின் நான் பந்தயத்தை விட்டிருப்பேன் என்று நினைப்பாய். இல்லை. டெப்பனருக்குப் போக வெட்கமாக இருந்ததால் ஃபோனில் கட்டத் தொடங்கினேன். அதில் பென்சிலும் இல்லை, வரிசையும் இல்லை. நான்கு ஆட்டம் தெரிவு செய்தால், ஐந்தாவதைச் சேர்த்தால் இவ்வளவு கூடும் என்று அதுவே பெருக்கிக் காட்டும். ஐந்து ஆறாகி, ஆறு எட்டாகும். எட்டும் சரிவருவது நடக்கிற காரியமா என்று யோசிக்க விடாது. கட்டின கையோடு அடுத்ததற்கு இலவசமாக ஒன்று தருகிறோம் என்று கூப்பிடும். சனிக்கிழமை மட்டும் என்று இருந்தது செவ்வாய், வியாழன் ஆயிற்று. சம்பளம் வந்த கிழமையே பாதி போய்விடும். ஒரு மாதம் என் வேலை வானுக்குப் பனிக்கால ரயர் மாற்றாமலே ஓடினேன்.

எல்லா ரிக்கற்றிலும் மொன்றியல் வெல்லும் என்ற ஒன்று இருந்தது. ஏன் என்று இப்போது தெரிகிறது. உன் அணி உள்ள ஒரு ரிக்கற், ஒரே ஒரு தடவை, முழுதாகச் சரிவர வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் காசை உன் மனைவி மலரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் நான் சொன்ன சொல் அழிந்துவிடும் என்று நம்பினேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எவ்வளவு பைத்தியம் என்று எனக்கே கேட்டுவிடும்.

போன ஐப்பசியில் இல்-பிசார் தீவில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் திருத்தப் போனேன். சென்னைக்காரர், பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற அம்மா. பெரிய வீடு, தனி ஆள். நான் மெஷினுக்குள் தலையை விட்டிருந்த நேரமெல்லாம் என் ஃபோன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

“வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா குகன்? எடுத்துப் பேசுங்க, பரவாயில்ல.”

ஆட்டத்தின் கோல் கணக்கு என்றேன். எழும்பி ஃபோனை நிறுத்தப் போனபோது திரையைப் பார்த்துவிட்டார். எட்டு ஆட்டம், எட்டு வரி.

“எட்டையும் சேர்த்தா?” என்று கேட்டார். திட்டவில்லை. மாணவனின் விடைத்தாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அலுமாரியிலிருந்து நாலு தம்ளர் எடுத்து வரிசையாக வைத்து, முதலாவதில் விளிம்புவரை தண்ணீர் பிடித்தார்.

“பந்தயம் நடத்துறவங்க ஒவ்வொரு ஆட்டத்துலயும் தங்களுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுத்தான் விலை போடுவாங்க. பத்துல ஒண்ணுன்னு வைங்க.” கொஞ்சம் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு மிச்சத்தை இரண்டாவது தம்ளரில் விட்டார். “தனியா கட்டினா இதோட முடிஞ்சுது. சேர்த்துக் கட்டினா இந்த மிச்சம் அடுத்த ஆட்டத்துக்குப் போகுது. அங்கயும் எடுப்பாங்க.” மறுபடி கொஞ்சம் தொட்டிக்கு. மறுபடி. நான்காவது முறையும் தொட்டியில் ஊற்றிய பிறகு கடைசித் தம்ளரில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. “நாலுக்கே இப்படி. நீங்க எட்டு வெச்சிருக்கீங்க.”

“ஆனா வெண்டா பெரிசா வருமே அம்மா?”

“வரும். நாலு தடவை காசு சுண்டி நாலும் தலை விழணும். பதினாறு விதமா விழலாம், அதுல ஒண்ணு அது. அதுக்கு நியாயமா பதினாறு மடங்கு தரணும். பத்து சொச்சம் தர்றாங்க. பத்தே பெருசாத் தெரியுது நமக்கு.”

அப்போது ஏனோ அந்தச் சனிக்கிழமையைச் சொன்னேன். சொன்ன சொல்லைச் சொல்லவில்லை. மூன்று சரிவந்தது, கடைசி ஒன்று கூட்டாளியின் பிடிவாதத்தால் போனது என்று மட்டும் சொன்னேன்.

“மூணு சரி, ஒண்ணு தப்பு,” என்றார். “அது கிட்டத்தட்ட ஜெயிச்ச மாதிரி தோணும். இல்ல. பதினாறுல நாலு தடவை அப்படித்தான் விழும். நாலும் சரியா வர்றதைவிட நாலு மடங்கு சாதாரணம். யாராவது ஒருத்தரோடது போயே ஆகணும். அன்னைக்குக் கடைசியா நடந்த ஆட்டம் அவரோடது, அவ்வளவுதான். காலையிலயே உங்களோடது போயிருந்தா அவர் உங்களைத் திட்டியிருப்பாரா?”

நான் குனிந்து குழாயைப் பூட்டினேன். பில் எழுதிக் கொடுத்தேன்.

தீவைவிட்டு வெளியே வரும் பாலத்தில் அந்தக் கேள்வி என்னோடேயே வந்தது. காலையிலேயே என்னுடையது எத்தனை தடவை போயிருக்கிறது, வரதன்? பெரும்பாலான கிழமை நான் சொன்ன பத்து மணிக் கால்பந்துதான் ரிக்கற்றைக் கொன்றது. பன்னிரண்டு மணிக்கு அதைக் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பேன். நீ ஒரு நாளாவது வாய் திறந்தாயா? பின்னேரம் ஹொக்கி தொடங்கியதும் நீ எனக்கு எடுப்பாய். “மச்சான், எங்கட ஆக்கள் ஒண்டு போட்டுட்டாங்கள். பாக்கிறியோ?” ரிக்கற் செத்துப் போச்சேடா, இனிப் போட்டாலென்ன விட்டாலென்ன என்று எரிந்து விழுவேன். நீ சிரித்துவிட்டு அடுத்த கோலுக்கும் எடுப்பாய். இடைவேளைக்கும் எடுப்பாய். என்ன சமைத்தாய் என்று கேட்பாய்.

உனக்குப் பந்தயம் விளங்கவில்லை என்று நினைத்திருந்தேன். விளங்காதது எனக்குத்தான். தனியாக இருக்கிற ஒருவனுக்குச் சனிக்கிழமை ஃபோன் எடுக்க உனக்கு ஒரு காரணம், ஒரு சாட்டு வேண்டியிருந்தது. வானைக் கரையில் நிறுத்திவிட்டு அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அதே கிழமை மலரிடம் போனேன். அவள் பிள்ளைகள் காப்பகத்துச் சமையல் வேலை முடித்து வந்து, அடுத்த நாளைக்கு ஏப்ரன் அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன்.

“தேவண்ணை வீட்டில சொன்னதோ?” என்றாள். “அவர் வந்த உடனயே சொன்னவர்.”

“என்னெண்டு சொன்னவன்?”

அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “குகன் சொன்னதில என்ன பிழை எண்டு என்னைக் கேட்டவர். நான் கை வைச்சது ஒண்டும் உருப்படேல்லைத்தானே எண்டார். பேந்து சாப்பிட்டிட்டுப் படுத்திட்டார்.”

“கோவிக்கேல்லையோ?”

“கோவிச்சிருந்தா நான் சந்தோசப்பட்டிருப்பன் அண்ணை.”

நான் மன்னிப்புக் கேட்டேன். பந்தயத்தில் காசைத் தொலைத்ததையும், வென்று கொண்டுவந்து தரலாம் என்று இருந்ததையும் சொன்னேன். அவள் ஏப்ரனை மடித்து வைத்தாள்.

“எனக்கேன் சொல்லுறியள்?” என்றாள். “அவர் அதை நம்பிக்கொண்டெல்லோ போனவர். அவருக்குச் சொல்லுங்கோ. திவசத்துக்கு எழுதித் தாங்கோ. கல்வெட்டில எழுதின மாதிரி எழுதாதேங்கோ.”

அதனால்தான் எழுதுகிறேன், மச்சான். நான் சொன்னதை நீ நம்பிவிட்டாய் என்பது எனக்குத் தெரியாது. நீ கோபத்தில் இருக்கிறாய், அதுதான் எடுக்கவில்லை என்று ஒன்பது கிழமையும் நினைத்திருந்தேன். நீ கோபமாகவே இருக்கவில்லையா? என் சொல் சரி என்று வைத்துக்கொண்டா அந்த லொறி வரிசையில் நின்றாய்?

என் பிழை என்னவென்று சொல்கிறேன், கேள். உன் வாழ்க்கையையே நான் சேர்த்துக் கட்டின ரிக்கற் மாதிரிப் பார்த்துவிட்டேன். ஒன்று பிழைத்தால் எல்லாம் செல்லாது என்று. கடை போயிற்று, ஓம். வீடு போயிற்று, ஓம். அதனால் மற்றது எதுவும் இல்லாமல் போகுமா? மலர் உன்னைக் கட்டினதற்கு ஒரு நாளும் வருந்தவில்லை, நானே கேட்டேன். உன் மகள்மார் இரண்டு பெட்டைகளும் இந்த ஊர்ப் பிரெஞ்சில் எவனையும் மடக்கிக் கதைக்கிறார்கள், அப்பாவைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் தமிழுக்கு மாறுகிறார்கள். இருபது வருடம் பனியிலும் மழையிலும் லொறி ஓட்டினாய், ஒருவரையும் இடிக்கவில்லை. நான் வந்து இறங்கிய கிழமை எனக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் கூடப் பிடிக்கத் தெரியாது. திருத்தும் வேலை பழக அந்த இத்தாலியக்காரரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது நீ. இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோறு நீ கை வைத்ததுதானே? இதெல்லாம் தனித்தனியாக நிற்கிறது, வரதன். ஒன்றுக்கு மற்றது பிணை இல்லை.

ஃபோனில் இருந்த கணக்கை மூடிவிட்டேன். நானே திரும்பக் கேட்டாலும் திறக்க முடியாதபடி எழுதிக் கொடுத்தாயிற்று. சுகமாகிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆட்டம் தொடங்குகிற நேரம் கை அந்தரப்படும். மனம் தானாகவே நான்கைச் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கும். அப்போது தேவண்ணைக்கு எடுக்கிறேன். அவருக்கு ஹொக்கி பிடிக்காது, என்றாலும் ஃபோனை வைக்காமல் கதைக்கிறார். வீடு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று தெரிகிறது.

திவசத்தன்று சாப்பாட்டுக்கு முன்னால், மலரும் உன் பிள்ளைகளும் இருக்க, இந்தக் கடிதத்தை வாசிப்பேன். அன்றைக்கு நான் சொன்ன சொல்லை அப்படியே, ஒன்றும் குறைக்காமல் வாசிப்பேன். அதற்குப் பிறகு, அது பொய் என்றும் வாசிப்பேன். என் குரல் நின்றுவிட்டால் மிச்சத்தைத் தேவண்ணை வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இனி என் வாயிலிருந்து எந்த மனிதனையும் பார்த்து அந்தக் கேள்வி வராது. இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

நீ கை வைத்து உருப்பட்டவர்களில் ஒருவன்,
உன் மச்சான்
குகன்
லாசால், மொன்றியல்